வெஸ்ட்ரே – பாப்பா வெஸ்ட்ரே வான்சேவை

வெஸ்ட்ரே – பாப்பா வெஸ்ட்ரே வான்சேவை என்பது ஸ்காட்லாந்தின் வடக்கே உள்ள ஓர்க்னித் தீவுக்கூட்டத்தில், வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்னும் இரு சிறு தீவுகளின் வானூர்தி நிலையங்களை இணைக்கும் பயணிகள் சேவை ஆகும். கால அட்டவணைப்படி நடைபெறும் வான்சேவைகளுள் உலகிலேயே மிகக் குறுகியதாக இது கின்னஸ் உலக சாதனைகள் நூலில் இடம் பெற்றுள்ளது. இரு நிலையங்களுக்கும் இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 2.7 கி.மீ (1.7 மைல்) மட்டுமே. இது எடின்பரோ வானூர்தி நிலையத்தின் ஓடுபாதை நீளத்தை ஏறத்தாழ ஒத்தது. தரையில் ஊர்ந்து செல்லும் நேரத்தையும் சேர்த்துப் பயணத்துக்கு 2 நிமிடங்கள் ஒதுக்கப்படுகின்றன. வானில் இருக்கும் நேரம் ஒன்றரை நிமிடமோ அதற்கும் குறைவோ ஆகும். மிக விரைவாகக் கடந்த பறப்புக்கு 53 வினாடிகளே ஆயின. ஸ்காட்லாந்து நிறுவனமான லோகனேர் 1967 ஆம் ஆண்டு முதல் இச்சேவையை நடத்தி வருகிறது.

இச்சேவை வியப்புக்குரிய ஒரு செய்தியாகவே பெரும்பாலும் அறியப்படுகிறது. எனினும், இரு இடங்களுக்கிடையிலான தூரம் எவ்வாறு கணக்கிடப்படுகிறது, பறப்பு நேரம் எவற்றைப் பொறுத்து அமைகிறது ஆகியவற்றை எளிய எண்களைக் கொண்டு விளங்கிக்கொள்ளவும் இது பயன்படுகிறது. தீவு மக்களுக்கோ இது பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் செல்லும் வழிகளுள் ஒன்றாகும்.

அமைவிடம்

ஓர்க்னி ஏறத்தாழ 70 தீவுகளைக் கொண்டது. இவற்றுள் 20 தீவுகள் அளவிலேயே மக்கள் வாழ்கின்றனர். தலைநகரான கேர்க்வால், 'மெயின்லாந்து' எனப்படும் மிகப்பெரிய தீவில் அமைந்துள்ளது. 1468 இல் ஸ்காட்லாந்து மன்னருக்கு ஈடாக வைக்கப்படும்வரை இத்தீவுகள் நோர்வே, டென்மார்க் அரசர்களின் ஆட்சியில் இருந்தன. ஆகவே இங்குள்ள இடப்பெயர்களில் பெரும்பாலானவை பழைய நோர்சு மொழியில் இருந்து வந்தவை. 'பாப்பா' என்னும் முன்னொட்டு, இங்கு வாழ்ந்த கெல்டியக் கிறித்தவத் துறவிகளை நோர்சு மக்கள் அழைத்த பெயரில் இருந்து தோன்றியது.

வெஸ்ட்ரே ஏறத்தாழ 47 சதுர கி.மீ பரப்பளவு கொண்டது. 2011 ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கு 588 பேர் வாழ்ந்தனர். பியரோவால் இதன் முதன்மையான ஊர் ஆகும். பாப்பா வெஸ்ட்ரே இதன் கிழக்கே ஒரு குறுகிய கடற்கால்வாய்க்கு அப்பால் உள்ளது. அதன் பரப்பளவு ஏறத்தாழ 9 சதுர கி.மீ, 2011 இல் அதன் மக்கள்தொகை 90 ஆக இருந்தது. உள்ளூர் மக்கள் இத்தீவைப் 'பாப்பே' என்று அழைக்கின்றனர்.

பாப்பா வெஸ்ட்ரேயில் உள்ள நாப் ஆஃப் ஹோவர் என்னும் புதிய கற்கால வீடுகள் கி.மு. 3700 அளவில் இருந்து கி.மு. 2800 வரை பயன்பாட்டில் இருந்தவை. வட ஐரோப்பாவில் இன்றும் நிற்கும் மிகப் பழமையான கல் வீடுகளுள் இவை வைத்து எண்ணப்படுகின்றன. தீவின் வட பகுதி கடற்பறவைகளுக்கான காப்பகமாக உள்ளது. வெஸ்ட்ரேயின் நோல்ட்லாந்து மணற்பரப்பில் 2009 இல் கண்டெடுக்கப்பட்ட சிறு மனித உருவம் ஸ்காட்லாந்தில் கிடைத்த மிகப் பழைய மனித உருவச் சிற்பங்களுள் ஒன்றாகும். இத்தகைய தொல்லியற் களங்களைக் காண வரும் பயணிகளும் ஆய்வாளர்களும் இவ்வான்சேவையைப் பயன்படுத்துகின்றனர்.

வானூர்தி நிலையங்கள்

இரு நிலையங்களும் மிகச் சிறியவை. வெஸ்ட்ரே வானூர்தி நிலையம் தீவின் வடகிழக்கு முனையில் உள்ளது. பாப்பா வெஸ்ட்ரே நிலையம் தன் தீவின் நடுப்பகுதியில் அமைந்துள்ளது. பெரிய நிலையங்களில் காணப்படும் முனையக் கட்டடங்களோ, பயணப்பொதிகளைச் சுமந்து வரும் பட்டைகளோ இங்கு இல்லை. ஒரு சிறு கட்டடமும், தீயணைப்பு வண்டியும், அவற்றைக் கவனித்துக்கொள்ளும் உள்ளூர்ப் பணியாளர்களுமே உள்ளனர்.

ஒவ்வொரு நிலையத்திலும் வெவ்வேறு திசைகளை நோக்கிய மூன்று ஓடுபாதைகள் உள்ளன. மிக நீளமானவை 500 மீட்டரைச் சற்றே தாண்டும். பெருவானூர்திகளுக்குத் தேவையான ஓடுபாதை நீளத்தில் இது ஐந்தில் ஒரு பங்கு கூட ஆகாது. சிறிய நிலையத்துக்கு மூன்று ஓடுபாதைகள் எதற்கு என்ற ஐயம் எழலாம். இத்தீவுகளில் மரங்கள் மிகக் குறைவு. கடற்காற்றைத் தடுக்கக்கூடிய உயரமான மலைகளும் இல்லை. எடை குறைந்த வானூர்தி ஒன்று பக்கவாட்டில் வீசும் வலுவான காற்றில் தரையிறங்குவது கடினம். எனவே, காற்று வீசும் திசைக்கு மிக நெருக்கமான ஓடுபாதையைத் தேர்ந்துகொள்ள வழி செய்யும் வகையில் இவை அமைக்கப்பட்டுள்ளன.

வரலாறு

ஓர்க்னியில் முறையான வான்போக்குவரத்து 1930களில் தொடங்கியது. கேப்டன் எர்னெஸ்ட் எட்மண்ட் ஃபிரெசன் என்பவர் தொடங்கிய ஹைலண்ட் ஏர்வேஸ் நிறுவனம் 1933 இல் இன்வர்னெஸ் நகரையும் கேர்க்வாலையும் இணைத்தது. 1934 மே 29 அன்று இதே வழியில் பிரித்தானியாவின் முதலாவது முறையான உள்நாட்டு வான் அஞ்சற் சேவை தொடங்கியது. அக்காலத்தில் தீவுகளின் மேய்ச்சல் நிலங்களே இறங்குதளங்களாகப் பயன்பட்டன.

லோகனேர் நிறுவனம் 1962 இல் ஒரு கட்டுமான நிறுவனத்தின் வாடகை வானூர்திப் பிரிவாகத் தோன்றியது. 1967 இல் அது கேர்க்வாலை மையமாகக் கொண்டு ஓர்க்னியின் வெளித்தீவுகளுக்கான சேவையைத் தொடங்கியது. ஈடே, சாண்டே, ஸ்ட்ரோன்சே, வடக்கு ரோனால்ட்சே, வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே ஆகிய தீவுகள் இவ்வலையமைப்பில் இடம் பெற்றன. வெஸ்ட்ரே – பாப்பா வெஸ்ட்ரே பறப்பு தனித்து உருவாக்கப்பட்ட ஒரு சேவை அன்று. கேர்க்வாலில் இருந்து புறப்படும் வானூர்தி ஒரு தீவில் இறங்கி, அங்கிருந்து அடுத்த தீவுக்குச் சென்று, பின்னர் கேர்க்வாலுக்குத் திரும்பும் சுற்றுப்பயணத்தின் ஒரு பகுதியே அது. பேருந்து ஒன்று அடுத்தடுத்த நிறுத்தங்களில் நின்று செல்வதை இதற்கு ஒப்பிடலாம்.

இவ்வழியில் மிகுதியாகப் பறந்தவராக அறியப்படும் வானோடி ஸ்டூவர்ட் லிங்க்லேட்டர் ஆவார். 2013 இல் ஓய்வு பெறும் முன்னர் அவர் 12,000 முறைக்கும் மேலாக இவ்வழியைக் கடந்தார். 53 வினாடிச் சாதனையும் அவருடையதே. ஒரு பறப்புக்கு ஒன்றரை நிமிடம் எனக் கொண்டால், 12,000 பறப்புகளுக்கும் அவர் வானில் இருந்த மொத்த நேரம் 300 மணி மட்டுமே. கடந்த மொத்தத் தூரம் ஏறத்தாழ 32,400 கி.மீ. இது புவியின் சுற்றளவான 40,000 கி.மீ ஐ விடக் குறைவு.

பயன்படுத்தப்படும் வானூர்தி

இச்சேவையில் பிரிட்டன்-நோர்மன் பிஎன்-2 ஐலண்டர் என்னும் வானூர்தி பயன்படுத்தப்படுகிறது. இங்கிலாந்தின் வைட் தீவில் வடிவமைக்கப்பட்ட இவ்வகை 1965 சூன் 13 அன்று முதன்முறையாகப் பறந்தது. குறுகிய, செப்பனிடப்படாத ஓடுபாதைகளில் இருந்து அடிக்கடி எழுந்து இறங்கும் சேவைகளை மனத்திற் கொண்டே இது உருவாக்கப்பட்டது. இதன் முதன்மைக் கூறுகள் வருமாறு:

• இரண்டு உந்துதண்டு இயந்திரங்களும் அவற்றால் சுழலும் முற்செலுத்திகளும் உள்ளன.
• இறக்கைகள் உடற்பகுதியின் மேற்புறத்தில் பொருத்தப்பட்டுள்ளன. ஆதலால் ஓடுபாதையில் கிடக்கும் கற்களாலும் புல்லாலும் இயந்திரங்கள் பாதிக்கப்படும் வாய்ப்புக் குறைவு.
• சக்கரங்கள் உள்ளிழுக்கப்படுவதில்லை. ஒரு நிமிடப் பறப்பில் அவற்றை உள்ளிழுத்து மீண்டும் வெளிவிடுவதால் பயன் ஏதும் இல்லை. பழுதாகக்கூடிய உறுப்பு ஒன்று குறைவது இங்கு ஆதாயமே.
• இறக்கைகளின் முனைக்கு முனை நீளம் ஏறத்தாழ 15 மீட்டர். புறப்படும்போது அனுமதிக்கப்படும் மிகக்கூடிய எடை 3 தொன்னுக்குச் சற்றுக் குறைவு.
• வானோடி ஒருவரே இயக்குகிறார். எட்டுப் பேர் வரை பயணம் செய்யலாம். ஒரு பயணி வானோடியின் அருகில் உள்ள இருக்கையில் அமர்வதும் உண்டு.

வானூர்திகளின் பராமரிப்பு, பறந்த மணிநேரத்தை மட்டும் கொண்டு திட்டமிடப்படுவதில்லை. எத்தனை முறை எழுந்து இறங்கியது என்பதும் கணக்கிற் கொள்ளப்படுகிறது. ஒரு நிமிடப் பறப்பானாலும் பதினெட்டு மணிநேரப் பறப்பானாலும் அது ஒரு தரையிறக்கமே. சக்கரங்கள், தடுப்பான்கள், சக்கரத்தாங்கிகள் ஆகியவற்றின் தேய்மானம் பறந்த தூரத்தை விடத் தரையிறக்கங்களின் எண்ணிக்கையையே பெரிதும் சார்ந்துள்ளது. இதனால் குறுந்தூரச் சேவையில், பறந்த ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஆகும் செலவு மிக அதிகமாக உள்ளது.

தூரம் கணக்கிடும் முறை

வான்வழித் தூரம் என்பது பொதுவாகப் புவிமேற்பரப்பில் இரு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய கோட்டின் நீளத்தைக் குறிக்கும். புவியை ஒரு கோளமாகக் கொண்டால், அக்கோடு புவியின் மையத்தைத் தன் மையமாகக் கொண்ட பெருவட்டம் ஒன்றின் பகுதியாக அமையும். எனவே இது பெருவட்டத் தூரம் எனப்படுகிறது. நெடுந்தூர வழிகளுக்குக் கோள முக்கோணவியல் சூத்திரங்கள் தேவைப்படுகின்றன. மிகக் குறுகிய தூரங்களுக்கோ பள்ளியில் கற்கும் பித்தாகரசு தேற்றமே போதுமானது.

வெஸ்ட்ரே நிலையம் ஏறத்தாழ 59.35 பாகை வடக்கு, 2.95 பாகை மேற்கு என்னும் இடத்தில் உள்ளது. பாப்பா வெஸ்ட்ரே நிலையம் ஏறத்தாழ 59.35 பாகை வடக்கு, 2.90 பாகை மேற்கு என்னும் இடத்தில் உள்ளது. இரண்டும் ஏறக்குறைய ஒரே அகலக்கோட்டில் இருப்பதால் நெடுங்கோட்டு வேறுபாட்டை மட்டும் கணக்கிட்டால் போதும்.

1. நெடுங்கோட்டு வேறுபாடு: 2.95 – 2.90 = 0.05 பாகை.
2. நிலநடுக்கோட்டில் ஒரு பாகையின் நீளம் ஏறத்தாழ 111.2 கி.மீ. ஆகவே அங்கு 0.05 பாகை 5.56 கி.மீ ஆகும்.
3. துருவத்தை நோக்கிச் செல்லச் செல்ல நெடுங்கோடுகள் ஒன்றையொன்று நெருங்குகின்றன. எனவே இந்நீளத்தை அகலக்கோட்டின் கோசைன் மதிப்பால் பெருக்க வேண்டும். 59.35 பாகையின் கோசைன் ஏறத்தாழ 0.51.
4. தூரம்: 5.56 × 0.51 = ஏறத்தாழ 2.8 கி.மீ.

மூன்றாம் படியை விட்டுவிட்டால் விடை ஏறத்தாழ இரு மடங்காகிவிடும். உலக வரைபடங்களில் வடபுலத்து நாடுகள் உண்மையான அளவை விடப் பெரியனவாகத் தோன்றுவதற்கும் இதுவே அடிப்படை.

இவ்விடையான 2.8 கி.மீ க்கும் வழக்கமாகக் குறிப்பிடப்படும் 2.7 கி.மீ க்கும் இடையே உள்ள வேறுபாடு பிழையன்று. இவ்வகலக்கோட்டில் 0.01 பாகை நெடுங்கோடு என்பது 570 மீட்டர் அளவாகும். ஆள்கூறுகளை இரு பதின்ம இடங்களுக்குச் சுருக்கும்போது சில நூறு மீட்டர் வேறுபாடு தோன்றுவது இயல்பே. நான்கு பதின்ம இடங்களுக்குத் தந்தால் ஐயம் 6 மீட்டர் அளவுக்குக் குறைந்துவிடும். மேலும், ஒரு வானூர்தி நிலையத்தின் ஆள்கூறு என்பது அதன் ஓடுபாதைகளின் நடுப்பகுதியில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு புள்ளியையே குறிக்கும். எந்த ஓடுபாதையின் எம்முனையில் இருந்து எழுகிறது, எம்முனையில் இறங்குகிறது என்பதைப் பொறுத்து உண்மையான வழி இதினும் கூடலாம் அல்லது குறையலாம். பல நூறு கிலோமீட்டர் நீண்ட வழிகளில் கவனிக்கத் தேவையற்ற இவ்வேறுபாடு, இங்கு மொத்தத் தூரத்தில் பத்தில் ஒரு பங்காகவோ அதற்கும் மேலாகவோ ஆகிவிடுகிறது.

இத்தூரத்தில் புவியின் வளைவு மிகச் சிறியது. 2.7 கி.மீ நீளமான நேர்கோட்டுக்கு மேலே புவியின் மேற்பரப்பு நடுவில் புடைத்திருக்கும் அளவு 15 செ.மீ க்கும் குறைவு. தட்டையான நிலம் எனக் கொண்டு கணக்கிடுவது இங்கு ஏற்புடையதாவதற்கு இதுவே காரணம்.

அலகுகளிலும் கவனம் தேவை. 1.7 மைல் என்பது தரை மைலாகும். ஒரு தரை மைல் 1,609 மீட்டர். வான்போக்குவரத்திலும் கடற்பயணத்திலும் வழங்கும் கடல் மைல் 1,852 மீட்டர். எனவே இவ்வழியின் நீளம் கடல் மைல் கணக்கில் ஏறத்தாழ 1.5 ஆகும். இரண்டையும் ஒன்றாகக் கொண்டால் 15 விழுக்காடு வரை பிழை நேரும்.

பறப்பு நேரம்

'பறப்பு நேரம்' என்னும் சொல் இரு பொருளில் வழங்குகிறது. சக்கரங்கள் ஓடுபாதையை விட்டு எழுவதில் இருந்து மீண்டும் நிலத்தைத் தொடும் வரையிலானது வானில் இருக்கும் நேரம். சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்த கட்டைகளை அகற்றி வானூர்தி நகரத் தொடங்குவதில் இருந்து, சேருமிடத்தில் நிறுத்தப்படும் வரையிலானது மற்றொன்று. கால அட்டவணைகளில் தரப்படுவது பெரும்பாலும் இரண்டாவது ஆகும். பெரிய நிலையங்களில் இவ்விரண்டுக்கும் இடையே இருபது, முப்பது நிமிட வேறுபாடு இருக்கக்கூடும்.

தூரத்தை 2.7 கி.மீ எனக் கொண்டால் சராசரி விரைவு பின்வருமாறு அமையும்:

• 2 நிமிடத்தில் கடந்தால், மணிக்கு 81 கி.மீ
• ஒன்றரை நிமிடத்தில் கடந்தால், மணிக்கு 108 கி.மீ
• 53 வினாடியில் கடந்தால், மணிக்கு ஏறத்தாழ 183 கி.மீ

ஐலண்டர் வானூர்தி சீராகப் பறக்கும்போது மணிக்கு ஏறத்தாழ 240 கி.மீ விரைவில் செல்ல வல்லது. இவ்வழியிலோ அவ்விரைவை எட்டும் முன்னரே இறங்கத் தொடங்க வேண்டியுள்ளது. எந்தப் பறப்பு நேரத்தையும் தோராயமாகப் பின்வரும் வகையில் எழுதலாம்:

மொத்த நேரம் = நிலையான நேரம் + (தூரம் ÷ சீரான விரைவு)

நிலையான நேரம் என்பது ஊர்தல், எழுதல், விரைவைக் கூட்டல், திரும்புதல், விரைவைக் குறைத்து இறங்குதல் ஆகியவற்றுக்கு மேலதிகமாகச் செலவாகும் நேரமாகும். கேர்க்வாலில் இருந்து வெஸ்ட்ரே ஏறத்தாழ 44 கி.மீ தொலைவில் உள்ளது. பயணத்துக்கு ஏறத்தாழ 15 நிமிடங்கள் ஆகின்றன. நிமிடத்துக்கு 4 கி.மீ என்னும் சீரான விரைவில் 44 கி.மீ ஐக் கடக்க 11 நிமிடம் போதும். எஞ்சிய 4 நிமிடமே நிலையான நேரம். இது மொத்தத்தில் நான்கில் ஒரு பங்கை ஒட்டியது. வெஸ்ட்ரே – பாப்பா வெஸ்ட்ரே வழியில் 2.7 கி.மீ ஐச் சீரான விரைவில் கடக்க 40 வினாடிகளே போதும். இரு நிமிட அட்டவணையில் எஞ்சிய 80 வினாடிகள், அதாவது மூன்றில் இரண்டு பங்கு, நிலையான நேரமாகும். இங்கு நிலையான நேரம் குறைவாக இருப்பதற்கு, வானூர்தி உயரமாக ஏறாமலும் தரையில் நெடுந்தூரம் ஊராமலும் செல்வது காரணமாகும்.

மறு எல்லையை நோக்கினாலும் இவ்வுண்மை விளங்கும். சிங்கப்பூரில் இருந்து நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி நிலையத்துக்கு 2020 நவம்பரில் தொடங்கப்பட்ட இடைநில்லாச் சேவை, உலகின் மிக நீண்ட பயணிகள் வான்சேவையாக அறியப்பட்டது. அதன் தூரம் ஏறத்தாழ 15,300 கி.மீ, நேரம் ஏறத்தாழ பதினெட்டரை மணி. பாப்பா வெஸ்ட்ரே வழியுடன் ஒப்பிட்டால் தூரம் 5,600 மடங்குக்கும் மேல். நேரமோ 555 மடங்கு அளவே. ஆதலால் தூரத்தை மட்டும் கொண்டு நேரத்தை விகித முறையில் கணிப்பது தவறான விடையைத் தரும்.

காற்றின் தாக்கம்

வானூர்தியின் விரைவு அதனைச் சூழ்ந்துள்ள காற்றைப் பொறுத்து அளக்கப்படுகிறது. தரையைப் பொறுத்த விரைவு, பின்னிருந்து வீசும் காற்றால் கூடும், எதிர்க்காற்றால் குறையும். எடுத்துக்காட்டாக, காற்றைப் பொறுத்து மணிக்கு 200 கி.மீ விரைவில் பறக்கும் வானூர்தியை, மணிக்கு 37 கி.மீ (20 நொட்டு) காற்று தாக்குவதாகக் கொள்வோம்.

• காற்று இல்லாதபோது 2.7 கி.மீ ஐக் கடக்க ஏறத்தாழ 49 வினாடி
• பின்காற்றில் (மணிக்கு 237 கி.மீ) ஏறத்தாழ 41 வினாடி
• எதிர்க்காற்றில் (மணிக்கு 163 கி.மீ) ஏறத்தாழ 60 வினாடி

போகவும் வரவும் சேர்த்துப் பார்த்தால் காற்று இல்லாதபோது ஏறத்தாழ 97 வினாடியும், காற்று உள்ளபோது ஏறத்தாழ 101 வினாடியும் ஆகின்றன. போகும்போது கிடைத்த ஆதாயம் திரும்பும்போது ஏற்படும் இழப்பை ஈடுசெய்வதில்லை. எதிர்க்காற்றில் வானூர்தி கூடுதலான நேரத்தைக் கழிப்பதே இதற்குக் காரணம். நீண்ட வழிகளிலும் இதே விதி பொருந்தும்.

நடைமுறையில் மற்றொரு சிக்கலும் உண்டு. குறுகிய ஓடுபாதையில் இருந்து எழவும் அதில் இறங்கவும் எதிர்க்காற்றே துணை செய்கிறது. மேற்கில் இருந்து காற்று வீசும் நாளில் வெஸ்ட்ரேயில் இருந்து கிழக்கு நோக்கிச் செல்ல வேண்டிய வானூர்தி, முதலில் மேற்கு நோக்கி எழுந்து பின்னர் திரும்ப வேண்டி வரலாம். சேருமிடத்திலும் தீவைச் சுற்றி வந்து மேற்கு நோக்கியே இறங்க நேரலாம். இவ்வாறு திரும்புவதற்கு ஆகும் நேரம், பின்காற்றால் கிடைக்கும் ஆதாயத்தைக் காட்டிலும் மிகுதியாகும். எனவே ஒரு நிமிடத்துக்குக் குறைவான பறப்பு, காற்றின் விரைவும் திசையும் ஓடுபாதையின் திசையும் ஒருங்கே பொருந்தும் நாட்களிலேயே இயலும்.

கடல்வழியுடன் ஒப்பீடு

இரு தீவுகளுக்கும் இடையே பாலமோ சுரங்கமோ இல்லை. பியரோவாலில் இருந்து பாப்பா வெஸ்ட்ரேக்குச் சிறு பயணிகள் படகு ஒன்று செல்கிறது. அதற்கு ஏறத்தாழ 25 நிமிடங்கள் ஆகின்றன. ஆகவே வழக்கமான நாட்களில் படகுப் பயணமும் இயலக்கூடியதே. எனினும் கடல் கொந்தளிக்கும் நாட்களில் படகு செல்வதில்லை. கடும் மூடுபனியும் பக்கவாட்டுப் புயற்காற்றும் உள்ள நாட்களில் வானூர்தி செல்வதில்லை. இரு வழிகளும் ஒரே காரணத்தால் தடைபடுவதில்லை என்பதால், ஒன்று நின்றபோது மற்றொன்று கைகொடுக்கும் வாய்ப்பு உள்ளது.

கேர்க்வாலுக்குச் செல்வோருக்கு வேறுபாடு பெரிது. வெஸ்ட்ரேயின் தென்முனையில் உள்ள ராப்னெஸ் துறையில் இருந்து கேர்க்வாலுக்குக் கப்பலில் செல்ல ஏறத்தாழ ஒன்றரை மணிநேரம் ஆகிறது. வானூர்தியில் கால் மணிநேரமே. குளிர்காலத்தின் நடுவில் இப்பகுதியில் பகல் ஏறத்தாழ ஆறு மணிநேரமே நீடிப்பதால், ஒரே நாளில் சென்று வேலையை முடித்துத் திரும்ப இவ்வேறுபாடு தீர்மானமாக அமைகிறது.

சமூக முக்கியத்துவம்

தொண்ணூறு பேர் வாழும் தீவில் முழுமையான மருத்துவமனையையோ மேல்நிலைப் பள்ளியையோ நடத்த இயலாது. ஆகவே ஆட்களைக் கொண்டு செல்வதும் கொண்டு வருவதுமே தீர்வாகிறது. ஆசிரியர், மருத்துவர், வங்கி அலுவலர் முதலானோர் தீவுகளுக்கிடையே வானூர்தியில் சென்று பணியாற்றுகின்றனர். மாணவரும் நோயாளிகளும் இதில் பயணம் செய்கின்றனர். அஞ்சலும் இவ்வழியே வருகிறது. லோகனேரின் ஐலண்டர் வானூர்திகள் 1967 முதல் 2006 வரை ஸ்காட்லாந்தின் வான் அவசர மருத்துவச் சேவையிலும் பங்கு கொண்டன.

பயணச்சீட்டு வருமானத்தால் மட்டும் இச்சேவையை நடத்த முடியாது. எட்டு இருக்கைகளும் நிரம்பினாலும், வானோடி, எரிபொருள், பராமரிப்பு, இரு நிலையங்களின் தீயணைப்புப் பணியாளர் ஆகியோருக்கான செலவை அது ஈடுசெய்யாது. எனவே இது 'பொதுச்சேவைக் கடப்பாடு' என்னும் முறையில், ஓர்க்னித் தீவுகள் மன்றத்தின் நிதியுதவியுடன் நடத்தப்படுகிறது. வணிக நோக்கில் எந்த நிறுவனமும் நடத்த முன்வராத, ஆனால் ஒரு பகுதி மக்களின் வாழ்வுக்கு இன்றியமையாத வழிகளுக்கு அரசு அமைப்புகள் நிதி அளிப்பதே இம்முறையாகும்.

2.7 கி.மீ க்குப் பொதுப்பணம் செலவிடுவது தகுமா என்னும் வினா எழுவது இயல்பே. தீவின் மக்கள்தொகையை இதனுடன் சேர்த்து நோக்க வேண்டும். 2001 கணக்கெடுப்பில் 65 ஆக இருந்த பாப்பா வெஸ்ட்ரேயின் மக்கள்தொகை 2011 இல் 90 ஆக உயர்ந்தது. இவ்வளர்ச்சிக்கு வான்சேவை மட்டுமே காரணம் எனக் கூற இயலாது. வீட்டு வசதி, வேலைவாய்ப்பு, உள்ளூர் மக்களின் கூட்டுறவு முயற்சிகள் ஆகியவையும் காரணங்களாகும். எனினும் நாற்பது, ஐம்பது பேர் குறைந்தாலே பள்ளியும் கடையும் மூடப்படக்கூடிய ஓர் ஊரில், மருத்துவரும் ஆசிரியரும் உரிய நேரத்தில் வந்து செல்வது குடும்பங்கள் அங்கேயே தங்குவதற்கான அடிப்படைத் தேவையாகும். ஐரோப்பாவின் பல சிறு தீவுகள் இத்தகைய வசதிகள் இன்றியே மக்களற்றுப் போயின. ஸ்காட்லாந்தின் செயின்ட் கில்டா தீவு மக்கள் 1930 இல் தங்கள் வேண்டுகோளின்படியே முற்றாக வெளியேற்றப்பட்டமை இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு.

உலகின் மிகக் குறுகிய வான்சேவை என்னும் புகழைத் தேடி வரும் சுற்றுலாப் பயணிகளும் உள்ளனர். இவ்வழியில் பறந்ததற்கான சான்றிதழ் அவர்களுக்கு வழங்கப்படுவது உண்டு.

பிற குறுந்தூர வான்சேவைகள்

மிகக் குறுகிய வான்வழிகள் பெரும்பாலும் நீர்ப்பரப்பைக் கடப்பனவாகவே உள்ளன. கரிபியக் கடலில் சின்ட் மார்ட்டின், சாபா தீவுகளுக்கிடையே ஏறத்தாழ 45 கி.மீ நீளமான வழி உண்டு. சாபாவின் ஓடுபாதை 400 மீட்டர் அளவே நீளமுடையது.

குறுகிய வழி என்பதே ஒரு சேவை நிலைப்பதற்குப் போதுமானது அன்று. 2016 நவம்பரில் ஆஸ்திரிய நிறுவனம் ஒன்று சுவிட்சர்லாந்தின் ஆல்டன்ரைன் நகரில் இருந்து கான்ஸ்டன்ஸ் ஏரிக்கு அப்பால் உள்ள செருமனியின் ஃபிரீட்ரிக்சாபன் நகருக்கு ஒரு சேவையைத் தொடங்கியது. தூரம் ஏறத்தாழ 20 கி.மீ, வானில் 8 நிமிடங்கள். உலகின் மிகக் குறுகிய பன்னாட்டுச் சேவை என அறிவிக்கப்பட்ட இது, சுற்றுச்சூழல் ஆர்வலர்களின் எதிர்ப்புக்கு உள்ளாகி, போதிய பயணிகளும் இல்லாமல் 2017 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. அவ்வேரியைச் சுற்றிச் சாலையும் தொடர்வண்டிப் பாதையும் உள்ளன. பாப்பா வெஸ்ட்ரேக்கு அவை இல்லை என்பதே இரண்டுக்கும் உள்ள முதன்மையான வேறுபாடு.

புதிய எரிபொருள் முயற்சிகள்

குறுகிய வழிகள், மின்கலத்தாலோ ஐதரசனாலோ இயங்கும் வானூர்திகளைச் சோதிப்பதற்கு ஏற்றவையாகக் கருதப்படுகின்றன. 2021 ஆகத்து மாதத்தில், எரிபொருளும் மின்சாரமும் கலந்து இயங்கும் சிறு வானூர்தி ஒன்று கேர்க்வாலுக்கும் ஸ்காட்லாந்தின் பெருநிலப்பரப்பில் உள்ள விக் நகருக்கும் இடையே சோதனையாகப் பறந்தது. ஐலண்டர் வானூர்தியையே புதிய ஆற்றல் மூலத்துக்கு மாற்றும் திட்டம் ஒன்று 2019 இல் அறிவிக்கப்பட்டது. ஓர்க்னியின் முன்னோடி வானோடியின் நினைவாக அதற்கு 'ஃபிரெசன் திட்டம்' எனப் பெயரிடப்பட்டது. தொடக்கத்தில் மின்கலத்தை எண்ணித் தொடங்கிய அத்திட்டம், 2021 இல் ஐதரசன் எரிபொருள் கலத்துக்கு மாறியது.

இரு நிமிடப் பறப்புக்கு மிகச் சிறிய மின்கலமே போதும் எனத் தோன்றலாம். ஆனால் சேருமிடத்தில் மூடுபனி சூழ்ந்தால் வேறு நிலையத்துக்குச் சென்று இறங்குவதற்கான ஆற்றலையும், அதற்கு மேல் குறிப்பிட்ட நேரம் வானில் சுற்றி இருப்பதற்கான இருப்பையும் ஒவ்வொரு வானூர்தியும் எடுத்துச் செல்ல வேண்டும் என்பது விதி. ஆகவே இவ்வழியில் தேவைப்படும் ஆற்றலைத் தீர்மானிப்பது 2.7 கி.மீ தூரம் அன்று. இறங்க இயலாமற் போனால் பறக்க வேண்டிய தூரமே ஆகும். அதே வானூர்தி ஒரு நாளில் பல தீவுகளைச் சுற்றி வர வேண்டும் என்பதும் கருத்திற் கொள்ள வேண்டியதாகும்.